பித்தளை மிதவை

சவுகத் அலி ராவுத்தரின் மோட்டார் வண்டி அந்த வருஷம் ஐப்பசியில் கறுப்பாகப் புகைவிட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மட்டும் அது ஒழுங்கான வண்டியாக இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தலைமுழுகிவிட்டுப் போன பழைய வண்டி. மேட்டில் முனகும், பள்ளத்தில் கிறீச்சிடும், மழை வந்தால் மேல்கித்தான் ஒழுகும். இருந்தாலும் போடிநாயக்கனூரில் மோட்டார் வைத்திருந்தவர்களை அப்போது ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் ராவுத்தர் அதில் ஏறும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறுவார். அந்த நெஞ்சுக்குத்தான் இப்போது கேடு வந்தது.

"என்னப்பா மொக்கை, வண்டி சுருட்டுக் குடிக்கப் பழகிருச்சா?" என்று டிரைவரைக் கேட்டார்.

மொக்கச்சாமி சிரிக்கவில்லை. அவன் சிரித்து மாசக்கணக்காகிவிட்டது. "பாக்குறேன் மொதலாளி," என்றான்.

அவன் பார்க்கத் தெரியாதவன் இல்லை. ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு மெசபொட்டேமியாவுக்குப் போய், மணலில் லாரி ஓட்டவும் ஓடாத லாரியைத் திட்டி ஓடவைக்கவும் கற்றுக்கொண்டு வந்தவன். அன்று காலையே பிளக்குகளைக் கழற்றினான். எல்லாம் கண்மை அப்பினதுபோல் கறுத்திருந்தன. முகர்ந்தால் பச்சைப் பெட்ரோல் வாசம். மோட்டாருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற பாத்திரம் கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து அனுப்புவது அதன் சோலி. பெட்ரோல் அளவு மீறிவிட்டால் முழுதும் எரியாது. எரியாதது கரியாகவும் புகையாகவும் வெளியே வரும், வண்டி விக்கும். மலை ஏற ஏறக் காற்று லேசாகிக்கொண்டே போவதால் கோளாறும் கூடிக்கொண்டே போகும்.

பெட்ரோல் ஏன் அளவு மீறுகிறது என்பதுதான் தெரியவேண்டும். காற்று நுழைகிற வாயில் இருக்கும் தகட்டை ஆட்டிப் பார்த்தான், தடையில்லாமல் திறந்தது. பெட்ரோல் வரும் ஊசித்திருகை இறுக்கினான். மலையடிவாரத்து முந்தல்வரை ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி புகைந்தது. அடியில் கைவைத்துப் பார்த்தான். கார்புரேட்டர் நிறைந்து வழிந்து, விரலில் பெட்ரோல் சொட்டியது. இனி மிச்சமிருந்தது மூடிக்குள் இருக்கும் மிதவை ஒன்றுதான்.

மிதவை என்றால் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பித்தளை டப்பி, மூடிப் பற்றவைத்த குங்குமச் சிமிழ் மாதிரி இருக்கும். உள்ளறையில் பெட்ரோல் நிறைய நிறைய அது மிதந்து மேலே வந்து, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிடும். அது எதனாலாவது கனத்துப்போனால் மேலே வராது, வழி அடைபடாது, பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். மூடியைத் திறந்து பார்க்க ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். நாளைக்குத் திறந்துவிடலாம் என்று மொக்கச்சாமி நினைத்தான். அன்று மத்தியானம் மலைமேல் குரங்கணிக்கு ஒரு நடை போகவேண்டியிருந்தது.

அந்த நடையில்தான் வேலுத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேலுத்தாய் அவன் பெண்சாதி. போன மார்கழியில் மலைக்காய்ச்சலில் செத்துப்போனவள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது மொக்கச்சாமி குரங்கணியில் இருந்தான். கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வந்து பாதையை மறித்துக்கொண்டது. தண்ணீர் வடிந்து அவன் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஊர்க்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அழவில்லை. அழுவதற்கு ஒரு முகமாவது பார்க்கக் கிடைத்திருக்கவேண்டும் அல்லவா? பத்து மாசமாக அந்த அழுகை அவன் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு மழை. வண்டியின் மேல்கித்தானை இழுத்துப் போட்டு, பக்கத்துத் திரைகளையும் இறுக்கிக் கட்டியிருந்தான். பின்னால் ராவுத்தரின் சம்சாரம் ருக்கையாவும், அவள் மடியில் கைக்குழந்தை மதீனாவும். ஏலக்காய் பறிக்கிற காலத்தில் ராவுத்தர் குரங்கணியில் காய் உலர்த்துகிற தம் ஸ்டோரிலேயே தங்கிவிடுவார். பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும்போது கண்ணசந்தால் நிறம் போய்விடும். அவருக்குச் சோறு கொண்டுபோவது ருக்கையா. கோஷாப் பெண்கள் ஏறுகிற வண்டிக்குத் திரை அவிழ்ப்பது கிடையாது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

முந்தலைத் தாண்டி ஆற்றை ஒட்டி ஏறும்போது மேகம் பாதைக்கு இறங்கிவிட்டது. மேலே எங்கேயோ எஸ்டேட்டிலிருந்து இறங்குகிற கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போயின. மொக்கச்சாமியின் தலை பஞ்சாகிவிட்டிருந்தது. கையில் இருக்கும் சக்கரம் எங்கேயோ தூரத்தில் சுற்றியது. பெட்ரோல் வாசத்தோடு ஏலக்காய் வாசமும் கலந்து தித்தித்தது. ஒற்றைப்பாறை வளைவில் திரும்பியபோது இடப்பக்கம் சேலை சரசரத்தது.

"மழையில தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கன்னா கேக்குறியா நீயி?" என்றாள் வேலுத்தாய்.

அவனுக்குப் பயமாகவும் இல்லை, ஆச்சரியமாகவும் இல்லை. சந்தைக்குப் போனவள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதே சுங்குடிச் சேலை, புளிக்கறை படிந்த அதே விரல்கள்.

"நீ எப்ப வந்தே?"

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள். பிறகு, வீட்டில் பித்தளையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறதே, கண் அவிந்தா போச்சு உனக்கு என்று வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். குரங்கணி வந்து எஞ்சினை நிறுத்தியபோது இருக்கையில் யாரும் இல்லை. மண்டை பிளக்கிற மாதிரி வலி. மொக்கச்சாமி அந்த வலியோடு மழையில் நின்றுகொண்டு, ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தான்!

மறுநாள் அவன் மூடியைத் திறக்கவில்லை.

அதற்கு மறுநாளும் திறக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. புகையைப் பின்னால் கொண்டுபோகிற குழாயின் மூட்டு ஒன்று மிதிபலகைக்கு அடியில் விட்டிருந்தது. சரியாக எரியாத புகை பலகை இடுக்கில் உள்ளே ஏறி, திரை கட்டிய வண்டிக்குள் தங்கிவிடுகிறது. மெசபொட்டேமியாவில் குளிருக்குப் பயந்து, லாரியை மூடி எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கிய ரெண்டு பேரை விடிந்ததும் பிணமாக இறக்கிப் போட்டதே அவன்தான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மொக்கச்சாமி வேறு எதையாவது நினைத்துக்கொள்வான். மனுஷனுக்கு வேண்டியது கிடைக்கிறபோது புத்தியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

அதோடு, மிதவை ஏன் கனத்தது என்றும் அவனால் ஊகிக்க முடிந்தது. அதுதான் அவன் கையை இன்னும் கட்டிப்போட்டது.

முந்தின வருஷம் ஆயுத பூஜைக்குக் கார்புரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பியிருந்தான். ராவுத்தர் அதற்கெல்லாம் குறுக்கே நிற்பவர் இல்லை. "வண்டி என்னுது, அதுக்குப் பொட்டு வைக்கிறது உன் சோலி," என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். மொக்கச்சாமி வெறும் பெட்ரோலில் கழுவி மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தான். வேலுத்தாய் விடவில்லை. பித்தளை என்றால் அவளுக்குப் பித்தளைதான், அது சோற்றுப் பானையானால் என்ன, மோட்டார் சாமானானால் என்ன. பண்டிகை நாளில் கறுத்துக்கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அத்தனையையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய், புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மிதவையைத்தான் ரொம்ப நேரம் தேய்த்தாள். அதன் நடுவில் ஓடிய ஈயப் பற்று அவளுக்கு அழுக்காகத் தெரிந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. வெறும் காத்து. அது இருக்கப்போயிதான் மெதக்குது."

"வெறும் காத்துக்கா இம்புட்டு பவிசு?" என்று சொல்லி, முந்தானையால் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். தங்கம் மாதிரி இருந்தது. அடுத்த தை பிறக்கும்போது அவள் இல்லை.

தேய்த்ததில் பற்று மெலிந்து எங்கேயோ ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் உள்ளே போய் இத்தனை மாசத்தில் மிதவை கனத்திருக்கும். அவள் கை போட்ட ஓட்டை. அதன் வழியாகத்தான் அவள் வந்துபோகிறாள் என்று மொக்கச்சாமி நம்பத் தொடங்கினான். அந்த ஓட்டையை அடைக்க அவன் கைக்கு எப்படி மனம் வரும்?

பின் இருக்கையில் வேறொன்று நடந்தது. மதீனா பிறந்ததிலிருந்து அழுகிற பிள்ளை. கசாயம், தாயத்து, பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதிக் கொடுத்த தண்ணீர், எதற்கும் மசியாமல் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தது. அது இப்போது வண்டியில் ஏறினால் தூங்கியது. முந்தல் வருவதற்குள் கண் சொருகிவிடும். ருக்கையாவும் பல நாள் தூக்கத்தை அங்கேதான் தூங்கினாள்.

"ஒங்க வண்டி தாலாட்டுற வண்டிண்ணே," என்று ஒருநாள் இறங்கும்போது சொன்னாள். "வீட்டுல ஒரு நாழி தூங்காத பிள்ள. இதுல பாருங்க."

மொக்கச்சாமி தலையை ஆட்டினான். அவளுக்குத் தலைவலி என்று நெற்றியில் பற்றுப் போட்டிருந்ததையும் பார்த்தான். பார்த்ததைச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டான். அதன்பிறகு சோறு கொண்டுபோகாத நாளிலும், பிள்ளை தூங்கட்டும் என்று ருக்கையா வண்டியை எடுக்கச் சொன்னாள். அவனுக்கு அது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

வேலுத்தாய் தவறாமல் ஒற்றைப்பாறை வளைவில் ஏறிக்கொண்டாள். கம்பங்கூழுக்கு மோர் வாங்கினியா என்பாள், ஓட்டுக்கூரையில் பூனை குட்டிபோட்டிருக்கா என்பாள். செத்தவர்கள் பெரிய பெரிய விஷயங்கள் பேசுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவள் பேசியதெல்லாம் அடுப்படிப் பேச்சு. அவனுக்கு அதுவே அமிர்தமாக இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அவன் கேட்கவேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் குரங்கணி வந்துவிடும்.

"போறப்ப என்னையத் தேடுனியா?"

அவள் வாயைத் திறப்பாள். ஸ்டோரின் தகரக்கூரை தெரியும். எஞ்சின் நிற்கும்.

அதனால் அவன் வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தான். மாட்டுவண்டிக்காரர்கள் மணியடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் மேகம் கனத்து இறங்கியிருந்தது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாய் அளவு பாதைதான் தெரிந்தது. வளைவில் வேலுத்தாய் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் சண்டை பிடிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. குரங்கணி வந்தால்தானே அவள் போய்விடுகிறாள்? வராமலே இருந்துவிட்டால்? ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு பாறையை ஒட்டி வண்டியை நிறுத்தினான். எஞ்சினை மட்டும் ஓடவிட்டான்.

"இப்பச் சொல்லு. தேடுனியா?"

எங்கும் வெள்ளை. எஞ்சின் தூக்கத்தில் பேசுகிறதுபோல் திக்கித் திக்கி ஓடியது. வேலுத்தாய் உதட்டைப் பிரித்தாள். அவன் அவள் பக்கம் சாய்ந்தான். அவனுடைய கண்ணும் மூடிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மூச்சு, கேட்டுவிடலாம்.

அப்போது எஞ்சின் விக்கியது. மிதமிஞ்சி வந்த பெட்ரோலை முழுங்கமுடியாமல் இரண்டுமுறை இருமி நின்றுபோனது.

சத்தம் நின்றதும் அவள் இல்லை. மேகத்துக்குள் ஆறு ஓடும் ஓசை மட்டும் கேட்டது. மொக்கச்சாமி அதையே கேட்டுக்கொண்டு கிடந்தான். ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை.

திரும்பினான். ருக்கையா ஒருபக்கம் சரிந்து வாய் கோணிக் கிடந்தாள். மடியில் மதீனா. முகம் செக்கச்செவேலென்று, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கை தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கதவோடு விழுந்து, எழுந்து, திரைகளைப் பிய்த்தெறிந்தான். பிள்ளையைத் தூக்கிப் பாதையோரப் புல்லில் கிடத்தினான். அந்நிய ஆம்பிளை தொடலாமா என்று யோசிக்க அது நேரமில்லை. ருக்கையாவையும் அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டான். மழை அவர்கள் முகத்தில் விழுந்தது. பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தான். முதுகில் தட்டினான். வாயில் ஊதினான். "அழு தாயி, அழு," என்றான். "ஒரே ஒரு தடவ அழுதுரு."

பிள்ளை மேகத்துக்கு முகம் காட்டியபடி சும்மா கிடந்தது. பிறகு அதன் வயிறு ஒரு குலுக்குக் குலுங்கியது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. மொக்கச்சாமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ருக்கையா எழுந்து வாந்தியெடுத்தாள்.

அங்கிருந்து ஸ்டோருக்குக் கூப்பிடு தூரம்தான். நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைக்கு மலைக்காத்துப் பட்டுவிட்டது என்றார்கள். கண்ணேறு என்றார்கள். ராவுத்தர் ஆள் அனுப்பி ஓதின தண்ணீர் வரவழைத்தார். ஸ்டோரில் உலைக்கு விறகு தள்ளுகிற கருத்தம்மாள் மட்டும் மொக்கச்சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கென்னப்பா ஆச்சு, பேயறைஞ்சவன் மாதிரி இருக்க?" என்றாள். நல்லவேளை பிள்ளை வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது, இல்லாவிட்டால் இன்னும் என்ன ஆகியிருக்குமோ என்று ருக்கையா புருஷனிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அதைவிட அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டோர் முற்றத்தில் நிறுத்தினார்கள். நல்ல வெயில். மலை கழுவினதுபோல் நின்றது. மொக்கச்சாமி ஸ்பேனரை எடுத்துக் கார்புரேட்டரின் மூடியைத் திறந்தான்.

உள்ளே மிதவை பாதி முழுகிக் கிடந்தது. இரண்டு விரலால் எடுத்தான். வெளியே இருந்த பித்தளையெல்லாம் கறுத்துவிட்டிருக்க, பெட்ரோலுக்குள்ளேயே இருந்த அது மட்டும் அவள் தேய்த்த பளபளப்பு மாறாமல் இருந்தது. காதருகே வைத்து ஆட்டினான், அவள் ஆட்டிப் பார்த்த மாதிரியே. அன்றைக்கு உள்ளே சத்தமில்லை. இன்றைக்குச் சளசளவென்று கேட்டது.

கருத்தம்மாளிடம் சுடுதண்ணீர் வாங்கி, உலைக்கு எட்டத்தில் முற்றத்து மூலையில் ஒரு சட்டியில் ஊற்றி, மிதவையை அதற்குள் அமுக்கிப் பிடித்தான். சூடு பட்டதும் உள்ளே இருந்த பெட்ரோல் ஆவியானது. நடுப்பற்றின் ஒரு புள்ளியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பி மேலே வந்து உடைந்தன. ஓட்டை அதுதான்.

குமிழி நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். பெட்ரோல் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் சூட்டிரும்பு பட்டதும் வெடித்துவிடும். மொக்கச்சாமி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வேகமாக வந்தன. பிறகு இடைவெளி விட்டு வந்தன. இனி இல்லை என்று நினைத்தபோது இன்னும் ஒன்று வந்தது. காய்ச்சல்காரியின் கடைசி மூச்சு இப்படித்தான் வந்திருக்கும். அன்றைக்கு அவன் பக்கத்தில் இல்லை. இன்றைக்கு இருந்தான். கையை எடுக்காமல், சுடுகிறது என்று விரலை இழுக்காமல், கடைசிக் குமிழி உடைகிறவரை கூடவே இருந்தான்.

"என்னப்பா பண்ற?" ராவுத்தர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மொக்கச்சாமி எழுந்தான். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவனால் முடியவில்லை.

"காத்தும் இல்ல, கண்ணேறும் இல்ல மொதலாளி. வண்டிப் பொகைதான் பிள்ளைய மயக்கிருச்சு. அது தூங்குனது தூக்கமே இல்ல. எனக்கு ஐப்பசியிலேயே தெரியும்."

ராவுத்தரின் முகத்தில் ரத்தம் ஏறியது. "தெரிஞ்சுமா ஓட்டுன?"

"ஆமா."

"ஏண்டா?"

மொக்கச்சாமி கையிலிருந்த மிதவையைப் பார்த்தான். "வேலுத்தாய் வந்துக்கிட்டிருந்தா," என்றான். "அந்தப் பொகையில. ஒத்தப்பாற வளைவுல ஏறி, பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு வருவா. இதச் சரிபண்ணுனா வரமாட்டா."

அடிக்கப்போகிறார் என்றுதான் அவன் நினைத்தான். ராவுத்தர் கையை ஓங்கவும் செய்தார். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தம் தாடியைத் தடவிக்கொண்டு, வெயிலில் காயப்போட்டிருந்த சாக்குகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சோலிய முடி," என்றார் பிறகு. "முடிச்சிட்டு வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போ. தெரையெல்லாம் இறுக்கிக் கட்டிக்க. அந்த வளைவுல நின்னு பாரு. அவ வந்தா வந்து சொல்லு. வரலேன்னாலும் வந்து சொல்லு. பொய் சொன்னேன்னா ஆண்டவனுக்கு நீதான் பதில் சொல்லணும். அப்புறந்தான் என் பிள்ளைய ஏத்துவேன்."

மொக்கச்சாமி இரும்பை உலையில் பழுக்கவைத்து, மிதவையின் ஓட்டைமேல் ஒரு மிளகளவு ஈயம் வைத்து இழுத்தான். ஆறியதும் மறுபடி சுடுதண்ணீரில் அமுக்கினான். குமிழி வரவில்லை. புகைக்குழாய் மூட்டைக் கல்நார்க் கயிற்றால் சுற்றி இறுக்கினான். பிளக்குகளின் கரியைச் சுரண்டினான். எஞ்சின் ஒரே சுற்றில் எழுந்துகொண்டது. பின்னால் வந்த புகை கண்ணுக்கே தெரியவில்லை.

திரைகளைக் கட்டிக்கொண்டு அவன் தனியாகப் புறப்பட்டான். ஒற்றைப்பாறை வளைவில் நின்றான். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் வந்தால் வேலை சரியில்லை. வராவிட்டால் வேலை சுத்தம். சண்டையிலும் அதற்குப் பின்னும் எத்தனையோ வண்டிகளைச் சரிபார்த்தவன், செய்த வேலை கெட்டுப்போயிருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். மூச்சை ஆழமாக இழுத்தான். கித்தான் வாசமும் தோல் இருக்கை வாசமும் வந்தன. தலை தெளிவாக இருந்தது. பாறையில் ஒரு ஓணான் ஏறிப்போவதுகூடத் தெரிந்தது.

"வேலுத்தாயி," என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

இடப்பக்க இருக்கையில் வெயில் ஒரு துண்டு விழுந்திருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சநேரம் இருந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

ராவுத்தர் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவன் இறங்கி வந்து அவர் எதிரில் நின்றான்.

"வரல மொதலாளி."

அவர் அவன் கண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவன் தோளில் ஒருமுறை கைவைத்து எடுத்தார். ஸ்டோர்ப் பக்கம் திரும்பி, "ருக்கையா, பிள்ளையக் கொண்டா," என்றார். ஏறும்போது ருக்கையா ஒரு பக்கத் திரையைக் கட்டாமல் விட்டாள். ராவுத்தர்தான் அப்படிச் சொல்லியிருக்கவேண்டும்.

வண்டி இறங்கத் தொடங்கியது. குரங்கணி எல்லையைத் தாண்டவில்லை, மதீனா ஆரம்பித்துவிட்டாள். பழைய அழுகை, வீட்டைத் தலைகீழாக்குகிற அழுகை. ருக்கையா தோளில் போட்டாள், மடியில் போட்டாள், பால் கொடுத்தாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஒற்றைப்பாறை வளைவு வந்தது. மொக்கச்சாமி இடப்பக்கம் திரும்பவில்லை. பின்னாலிருந்து அந்த அழுகை அவன் பிடரியில் மோதிக்கொண்டே இருந்தது.

"வண்டி என்னமோ மாறிப்போச்சுண்ணே," என்றாள் ருக்கையா, சங்கடத்தோடு. "தூங்கவே மாட்டேங்குது. நிறுத்துங்க, கொஞ்சம் எறங்கி ஆட்டிப் பாக்குறேன்."

"வேணாம் தாயி," என்றான் மொக்கச்சாமி. பாதை அவனுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. மேகம் எதுவும் இல்லை, கண்தான். துண்டால் துடைத்துக்கொண்டான், மறுபடி கலங்கியது, மறுபடி துடைத்துக்கொண்டான். "அழட்டும். விடு."

முந்தல்வரை பிள்ளையும் நிறுத்தவில்லை, அவனும் நிறுத்தவில்லை.